பிந்திய வயதில் வணிகப் பட்டம்: தீவகக் கல்வியின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

1

கல்விக்கென ஒரு வயது உண்டு என்னும் எண்ணம் நமது சமூகத்தில் ஆழ வேரூன்றிய ஒன்றாகும். இளமையிலேயே கற்று முடித்துவிட வேண்டும் என வலியுறுத்தும் அறநூல் மரபு அதற்குப் பக்கபலமாக நிற்கிறது. பத்தொன்பது, இருபது வயதிற் பல்கலைக்கழகம் புகுந்து, சில ஆண்டுகளிற் பட்டம் பெற்று வெளியேறுபவரே இயல்பான மாணவர் எனக் கருதப்படுகிறார். முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ பட்டப்படிப்பைத் தொடங்குபவர் 'பிந்தியவர்' ஆகிறார். பிந்தியமைக்கான காரணம் அவரது சோம்பலில், கவனக்குறைவில், அல்லது தலைவிதியிலே தேடப்படுகிறது.

இக்கருத்தை நாம் இங்கு விசாரணைக்கு உட்படுத்த விரும்புகிறோம். எவரோடு ஒப்பிடுகையில் ஒருவர் பிந்தியவர் ஆகிறார்? அவரைப் பிந்தச் செய்தவை எவை? பிந்திப் பெறும் பட்டம் அவருக்கும் அவரது சமூகத்துக்கும் எதைத் தருகிறது? இவ்வினாக்களைப் பொதுப்பட எழுப்புவதிலும் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியை முன்னிறுத்தி எழுப்புவதே பயனுடையது. யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பிரதேசத்தைச் சேர்ந்த நாரந்தனை போன்ற கிராமங்கள் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாக அமைகின்றன. வணிகமே இப்பகுதியின் பிழைப்பாக நெடுங்காலம் இருந்துள்ளது. ஆயினும் வணிகக் கல்வி இப்பகுதி மக்களுக்குப் பிந்தியே கிட்டியது. இந்த முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தீவகத்துக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குத் தக்க சான்று. ஊராத்துறையை நாடிவரும் அயல்நாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிப்பதையும், கப்பல் உடைந்தவிடத்துச் சரக்குகள் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பதையும் அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பலாயின் நாலில் ஒரு பங்கு அரசனுக்கும் எஞ்சியது உடையவருக்கும் உரியன. பிற வணிகச் சரக்காயின் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழ் மொழியிற் பொறித்த வணிகச் சட்டம் இது. ஊராத்துறை எனக் குறிக்கப்படுவது இன்றைய ஊர்காவற்றுறையே. அதன் அயற்கிராமங்களுள் ஒன்றே நாரந்தனை.

பாய்க்கப்பலின் காலம் மறைந்து, கொழும்புத் துறைமுகம் குடியேற்றப் பொருளாதாரத்தின் தலைவாயிலான பின்னர், தீவகத்தின் வணிகம் தன் திசையை மாற்றிக்கொண்டது. கடல் கடந்த வணிகத்தின் இடத்தைத் தென்னிலங்கைச் சில்லறை வணிகம் பெற்றது. சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை என்பனவாகத் தீவக மக்களின் கடைகள் கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு நகரங்களிலும் பரவின. 'கடைக்குப் போதல்', 'கடையில் நிற்றல்' என்னும் தொடர்கள் இம்மக்களின் வழக்கிலே தனிப்பொருள் பெற்றவை. ஒரு பையன் கடையில் நிற்கிறான் எனின், படிப்பு முடிந்துவிட்டது என்பதும், ஊருக்கு மணியோடர் வரத் தொடங்கிவிட்டது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இங்கு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். கடைக்குச் சென்றவர் யாவரும் வணிகர் அல்லர். முதலாளி ஒருவர்; சிப்பந்திகள் பலர். உறவுமுறையும் ஊர்ப்பற்றும் இவ்வர்க்க வேறுபாட்டை மூடிமறைத்தன. முதலாளியை 'அண்ணை' என்றும் 'மாமா' என்றும் அழைத்த சிப்பந்தி, கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, வேலைநேரம் என்ற வரையறை இன்றி உழைத்தார். நாளை தானும் ஒரு கடை போடலாம் என்ற நம்பிக்கையே அவரது ஊதியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அவரிற் சிலர் கடை போட்டனர். பலர் கடைசிவரை கணக்குக் கொப்பியுடன் நின்றனர். கணக்குவைப்பு, கொள்முதல், கடன் கொடுக்கும் நிதானம், பண்டத்தின் தரம் காணல் ஆகியவற்றை அவர்கள் பதினைந்து வயதிலேயே கற்றுவிட்டனர். அக்கல்விக்குச் சான்றிதழ் இருக்கவில்லை என்பதே குறை.

3

குடியேற்றக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தோன்றிய மிஷனரிக் கல்லூரிகளும் அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவக் கல்லூரிகளும் ஆங்கிலக் கல்வியை ஓர் உற்பத்திப் பொருளாக்கின. எழுதுவினைஞரும் ஆசிரியரும் மருத்துவரும் வழக்கறிஞரும் அங்கிருந்து வெளிவந்தனர். தீவகத்தில் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி போன்ற சில நிறுவனங்கள் இருந்தனவாயினும், கட்டணம் செலுத்தி ஆங்கிலம் கற்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாததாகவே இருந்தது. சாதியொடுக்குமுறைக்கு உள்ளான மக்களுக்கோ பள்ளிக்கூடத்துப் பலகையிற் சமமாக அமர்வதே போராட்டப் பொருளாயிருந்தது.

1945ஆம் ஆண்டிலே, கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நிலையை மாற்றத் தொடங்கியது. மத்திய கல்லூரித் திட்டத்தின் பயனை வேலணை மத்திய கல்லூரி வாயிலாகத் தீவகமும் பெற்றது. தாய்மொழிக் கல்வி பரவியது. எனினும் விஞ்ஞானக் கல்விக்கு வேண்டிய ஆய்வுகூடங்களும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் நகரக் கல்லூரிகளிலேயே குவிந்திருந்தமையால், கிராமப் பாடசாலைகளின் உயர்வகுப்புகள் பெரும்பாலும் கலையாகவும் பின்னர் வர்த்தகமாகவும் அமைந்தன. வர்த்தகப் பாடங்களுக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு கரும்பலகையும் போதும். தீவகத்து மாணவர் வர்த்தகத்தைத் தெரிவுசெய்தனர் என்பதைக் காட்டிலும் வர்த்தகம் அவர்களுக்கு எஞ்சியிருந்தது என்பதே பொருத்தமாகும்.

1970களின் தொடக்கத்தில் அறிமுகமான தரப்படுத்தலும், 1974ஆம் ஆண்டின் மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத ஒரு பக்கமும் உண்டு. அனுமதிக்கான அலகாக மாவட்டம் கொள்ளப்பட்டபோது, யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் ஒரேதன்மைத்து என்ற புனைவு நிலைபெற்றது. நாட்டின் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என நெடுங்காலமாக நிலவும் விதியிலும் இதுவே அடிப்படை. நெடுந்தீவிலிருந்து படகேறி வரும் மாணவியும் நகரின் முதன்மைக் கல்லூரி மாணவனும் ஒரே மாவட்டப் பட்டியலிலே போட்டியிடுகின்றனர். புள்ளி ஒன்றின் பின்னத்தால் இடம் தவறியவருக்கு எஞ்சுபவை கடை, வெளிநாடு, அல்லது வெளிவாரிப் பட்டம்.

4

வெளிவாரிப் பட்டம் என்பது இன்று பெரும்பாலும் இரண்டாந்தரமானதாகவே பேசப்படுகிறது. வரலாறு வேறு விதமாயுள்ளது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலே, எங்கே கற்றார் என்று கேளாது, பரீட்சையிலே தேறினாரா என்று மட்டும் கேட்கும் முறையை ஏற்படுத்தியது. 1921இற் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றதன்று; அதன் மாணவர் இலண்டன் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இந்நாட்டின் மதிப்புமிக்க பட்டதாரிகளிற் பலர் வெளிவாரிப் பட்டதாரிகளே. அப்போது அது இழிவாகக் கருதப்படவில்லை. கொழும்பின் மேட்டுக்குடியினர் பெற்றபோது பெருமையாக இருந்தது, கடைச் சிப்பந்தியும் எழுதுவினைஞரும் பெறத் தொடங்கியபோது மதிப்பிழந்தது.

1960களில் இலங்கைப் பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பரீட்சார்த்திகளுக்குத் தன் கதவைத் திறந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம், பேராசிரியர் க. கைலாசபதியை முதலாவது தலைவராகக் கொண்டு தோன்றியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வணிகத்துறையில் உள்வாரிப் பட்டங்களோடு வெளிவாரிப் பட்டங்களையும் அது வழங்கியுள்ளது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் ஒன்றைக் கொண்டுள்ளது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் தன் முதலாவது மாணவரை ஏற்றது 1971இல் என்பதை நோக்க, இத்துறையில் இலங்கை அதிகம் பின்தங்கியதாகச் சொல்ல இயலாது.

ஆயினும் திறந்த கல்விக்கும் வெளிவாரிப் பரீட்சைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. திறந்த கல்வி முறை மாணவருக்குப் பாடநூலும் வழிகாட்டலும் தர முனைகிறது. மரபான வெளிவாரி முறையிற் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் மட்டுமே தந்தது. கற்பித்தலைச் சந்தையிடம் விட்டது. அந்த இடத்தை ரியூட்டரிகள் நிரப்பின. இலவசக் கல்வி நிலவும் நாட்டில், பட்டப்படிப்புக்குப் பணம் செலுத்தவேண்டியவர் யார் என்று நோக்கினால், கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்துக்கொண்டு படிப்பவரே அவர் என்பது புலனாகும். நகரக் கல்லூரியிலிருந்து நேரே உள்வாரி அனுமதி பெற்றவருக்கு அரசு செலவிடுகிறது. பிந்தியவர் தம் கல்விக்குத் தாமே செலவிடுகிறார். ஒரு காலத்தில் உள்வாரி மாணவரை விஞ்சும் தொகையினர் வெளிவாரிப் பட்டங்களுக்குப் பதிவுசெய்து, அவர்களிற் பெரும்பாலோர் பட்டத்தை எட்டாமலே நின்றமைக்கு இதுவே அடிப்படைக் காரணம். 2010இற் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிவாரிப் பட்டங்களுக்குப் புதிய கொள்கை வரையறையை வகுத்தபோது, தரம் பற்றிய கவலை முன்னுக்கு வந்தது. தரத்துக்கான செலவை எவர் ஏற்பது என்னும் வினா பின்னுக்கே நின்றது.

5

இக்கட்டமைப்புக்கு மேலாக வந்து விழுந்தது போர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தபோது, தீவகத்தின் மணியோடர்ப் பொருளாதாரத்தின் வேர் அறுந்தது. கடை போய்விட்டால் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது படிப்பே என்ற எண்ணம் வலுப்பெற்ற அதே காலத்தில், படிப்பதற்கான சூழலும் குலைந்தது. 1987ஆம் ஆண்டுக்கும் 1990ஆம் ஆண்டுக்கும் இடையிலே தென்னிலங்கையின் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படைநடவடிக்கைகள் தீவக மக்களைக் குடாநாட்டுக்கு இடம்பெயரச் செய்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் வெளியேற நேர்ந்தபோது, ஏற்கெனவே அகதிகளாயிருந்த தீவக மக்கள் மறுபடியும் அகதிகளாயினர். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' என்னும் தொகுதி, ஆளற்றுப்போன ஊரைக் கவிதையிலே பதிவுசெய்த ஆவணமாக நிலைத்துள்ளது.

இக்காலத்திற் பாடசாலை மாணவராயிருந்தவரின் கல்வி வயதை எவ்வாறு கணக்கிடுவது? இடம்பெயர்ந்த ஆண்டுகள், பரீட்சை தள்ளிப்போன ஆண்டுகள், குடும்பச் சுமையை ஏற்ற ஆண்டுகள், தடுப்பிலோ முகாமிலோ கழிந்த ஆண்டுகள் யாவும் அவரது பிறப்புச் சான்றிதழிற் கழிக்கப்படுவதில்லை. 2009இற் போர் முடிந்தபின் அவர் மீண்டும் புத்தகத்தை எடுத்தபோது, அவரை உலகம் பிந்தியவர் என்றது. அரச சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைகள் பலவற்றுக்கு வயதெல்லை உண்டு. காலத்தைப் பறிப்பதில் பங்குகொண்ட அரசே, காலம் கடந்துவிட்டது என்று கதவடைப்பது எத்தகைய நீதி?

ஒப்புநோக்கத் தக்க ஓர் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. நாரந்தனைக்கு அயலான கரம்பொன்னில் 1913இற் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், முப்பது வயதைக் கடந்த பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழை முறையாகக் கற்றார். இலண்டனிற் கலாநிதிப் பட்டத்தை நிறைவுசெய்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அவரைப் பிந்திய மாணவர் என்று எவரும் சொல்வதில்லை. அவரது ஆற்றல் ஒரு காரணம். வயிற்றுப்பாட்டுக் கவலையின்றிக் கற்கத் திருச்சபை என்னும் நிறுவனம் அவருக்குத் துணைநின்றமை மற்றொரு காரணம். வயது தடையாவதும் ஆகாதிருப்பதும் ஒருவருக்குப் பின்னால் நிற்கும் சமூக ஆதாரத்தைப் பொறுத்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அத்தகைய ஆதாரம் பெண்களுக்கு மேலும் அரிது. இன்று இலங்கைப் பல்கலைக்கழக மாணவரிற் பெண்களே பெரும்பான்மையினராயினும், திருமணத்தின் பின் படிக்க முனையும் பெண் அடுக்களையையும் பிள்ளை வளர்ப்பையும் முடித்து, இரவிலேயே கொப்பியை விரிக்க வேண்டியுள்ளது.

6

இவ்வளவு இடர்ப்பட்டுப் பெறும் வணிகப் பட்டத்தின் பயன் யாது? வணிகக் கல்வியின் தோற்றத்தை நோக்குவது இங்கு உதவும். 1881இல் அமெரிக்காவின் வோர்ட்டன் கல்லூரிக்கு வித்திட்டவர் ஓர் ஆலை முதலாளி. 1902இற் பர்மிங்ஹாமில் வணிக பீடத்தைத் தொடங்கிய அஷ்லி, கைத்தொழிற் படைக்கு அதிகாரிகளை உருவாக்குவதே அதன் பணி எனக் கருதினார். மூலதனத்தின் அதிகாரிகளுக்கென ஏற்பட்ட கல்வி, காலப்போக்கில் அதன் சாதாரணச் சிப்பாய்களுக்கும் கட்டாயத் தகுதியாயிற்று.

இப்போக்கை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் முன்கூட்டியே இனங்கண்டிருந்தார். வணிக நிறுவனங்களின் ஊழியர் கூலியுழைப்பாளரிடையே நல்ல ஊதியம் பெறுவோராக இருந்தபோதும், பொதுக்கல்வி பரவப் பரவ அவர்தம் திறன்கள் மலிவாகவும் பெருந்தொகையாகவும் உருவாக்கப்படும் என்றும், அதனால் அவர்தம் ஊதியம் தாழும் என்றும் அவர் விளக்கினார். 1976இல் வெளியான நூலொன்றிலே, இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு சான்றிதழ் நோயை ஆராய்ந்த ரொனால்ட் டோர், வேறொரு கோணத்திலிருந்து இதற்கு அண்மையான முடிவுக்கு வந்தார். வளர்ச்சிப் பாதையிற் பிந்தி இறங்கிய நாடுகளிலே சான்றிதழின் பிடி மேலும் இறுக்கமானது என்பது அவரது கருத்து. பிந்திய நாட்டுக்குப் பொருந்துவது பிந்திய மனிதருக்கும் பொருந்தும். உயர்தரம் போதுமானதாயிருந்த பதவிக்கு அவர் பட்டத்தோடு வரும்போது, முதுமாணியோ தொழில்சார் கணக்காளர் தகைமையோ கேட்கப்படுகிறது. ஏணியின் அடிப்படி அகற்றப்பட்ட பின்னரே அவர் ஏணியடிக்கு வந்து சேர்கிறார்.

உயர் தேசியக் கணக்கியல் டிப்ளோமா மாணவரின் போராட்டம் இதன் நேரடி வெளிப்பாடு. 1990ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் ஏற்கப்பட்டிருந்த வணிகமாணிச் சமநிலையை மீளக் கோரிய இம்மாணவர்கள், 2015 ஒக்டோபர் 29இற் கொழும்பு வோட் பிளேஸிலே பொலிசாரின் தடியடிக்கு உள்ளாயினர். பட்டம் மலிந்துவிட்டது என்ற முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது பெரும்பாலும் முந்தி வந்தவர்களின் முறைப்பாடு என்பதை மறத்தலாகாது. கல்வி பரவுவதால் ஊதியம் தாழ்கிறதெனின், குறை கல்வியில் இல்லை. உழைப்பைப் பண்டமாக்கும் அமைப்பிலேயே உள்ளது.

7

மொழி பற்றியும் ஒரு சொல். தமிழ்மூல வணிகக் கல்வி இலங்கையின் அரிய சாதனைகளுள் ஒன்று. ஐந்தொகை, பேரேடு, முகாமைத்துவம் முதலிய சொற்கள் பல தலைமுறை மாணவரின் வாயிலே பழகிப் பண்பட்டவை. தமிழ்நாட்டு நூல்களிற் பற்று, வரவு எனப்படுவன இலங்கையில் முறையே வரவு, செலவு எனப்படுகின்றன. டெபிற் என்பதையே இலங்கை மாணவர் வரவு என்பர். தமிழக மாணவருக்கு வரவு என்பது கிரெடிற். கடை நடத்திய அனுபவத்தோடு வரும் மாணவருக்கு மூன்றாவது வழக்கொன்றும் உண்டு. கடனுக்குக் கொடுத்ததும் வந்ததும் அவரது கொப்பியிலே வேறு தலைப்புகளில் உள்ளன. அவருக்கு இரட்டைப் பதிவுமுறை புதிய அறிவன்று. தாம் அறிந்ததன் புதிய ஒழுங்கு. இதை உணர்ந்த ஆசிரியர் அவரிடமிருந்து தொடங்குவார். உணராதவர் அவரைப் பதினெட்டு வயதினராக எண்ணி முதலிலிருந்து தொடங்குவார். வேலை அனுபவத்தைக் கற்றலாக மதிப்பிடும் முறை நமது பல்கலைக்கழகங்களில் வேரூன்றாதவரை, பிந்திய மாணவரின் மிகப்பெரிய செல்வம் வகுப்பறை வாசலிலேயே விடப்படும்.

பாடத்தின் உள்ளடக்கமும் இவ்வாறே. மூலதனத்தின் நோக்கிலிருந்து எழுதப்பட்ட பாடநூல், கடலிடை வாழும் ஒரு சமூகத்தின் பொருளாதாரத்தைப் பற்றிச் சொல்வது சிறிது. 1936இல் மூளாயிலே கூட்டுறவு மருத்துவமனை கண்ட மரபு வடபுலத்துக்கு உண்டு. கடற்றொழிலாளர் சங்கங்களும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் பலநோக்குச் சங்கங்களும் அம்மரபின் தொடர்ச்சி. உற்பத்தியாளரே தமக்கு முதலாளியாகும் கூட்டுறவு ஆலைகளிற் பழைய சமூகத்துள்ளே புதியதன் முளையை மார்க்ஸ் கண்டார். மறுபுறம், போருக்குப் பின் வடக்கிற் புகுந்த நுண்கடன் நிறுவனங்களின் பிடியிலே கிராமப் பெண்கள் சிக்கியமையும், 2018இல் அக்கடன்களின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர நேர்ந்தமையும், 2022இல் நாடே கடன் செலுத்த முடியாது நின்றமையும் நம் கண்முன் நிகழ்ந்தவை. வட்டியைக் கணக்கிடத் தெரிந்த ஒருவர் கிராமத்திலே கடன் நிறுவனத்தின் முகவராகவும் இருக்கலாம். கடன்பட்டவரின் சங்கச் செயலாளராகவும் இருக்கலாம். எவராக அவர் ஆவார் என்பதிற் பாடத்திட்டத்துக்கும் பங்குண்டு.

8

தொகுத்து நோக்குமிடத்து, பிந்திய மாணவர் எனப்படுபவர் காலத்தைத் தவறவிட்டவர் அல்லர். கடை, சாதி, தூரம், தரப்படுத்தல், போர், குடும்பச் சுமை ஆகியவற்றின் வழியே வரலாறு அவரிடமிருந்து காலத்தை எடுத்துக்கொண்டது. எனவே அவருக்குக் கல்வி வழங்குவது சலுகை ஆகாது. பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துதலே ஆகும். இலவசக் கல்வியின் உரிமை உள்வாரி அனுமதியோடு நின்றுவிடாது வெளிவாரி மாணவருக்கும் நீட்டப்பட வேண்டும். விரிவுரைகள் நகரத்திற் குவியாது ஊர்காவற்றுறை, வேலணை போன்ற இடங்களுக்கும், வார இறுதிகளிலே வரவேண்டும். படகையும் பாதையையும் நம்பி வாழ்பவருக்கு மாலை வகுப்பு என்பது வெறும் சொல்லே. மாவட்டத்தினுள் நிலவும் ஏற்றத்தாழ்வு அனுமதிக் கொள்கையிலே கணக்கிலெடுக்கப்பட வேண்டும். அரச பரீட்சைகளின் வயதெல்லை போரின் ஆண்டுகளைக் கழித்தே கணிக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் எவையும் தாமாக நிறைவேறுவன அல்ல. இலவசக் கல்வியும் சமஆசனமும் தாய்மொழிக் கல்வியும் கேட்டுப் பெற்றவையே அன்றிக் கிடைத்தவை அல்ல. கடையிலும் கந்தோரிலும் வீட்டிலும் உழைத்தவாறு கற்கும் மாணவர் இன்று தனித்தனியே தம் வயதை எண்ணி நாணுகின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் கண்டு, தமது பிந்துதலின் பொதுக் காரணங்களை உணர்ந்து, அமைப்பாகத் திரளும்போது, அந்த நாணம் நியாயமான கோபமாக மாறும். அதற்கு உதவும் அறிவை அவர்களுக்கு முன்வைப்பது பல்கலைக்கழகத்துள் இருக்கும் நம்மனோர் கடனாகும்.